ஆய்வுகூடத்துக்கு ஆள் எங்கே?

2024ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள், சிறப்பாக வடமராட்சி மக்கள், ஒரு காய்ச்சலின் பெயரறியாது கலங்கி நின்றனர். கார்த்திகை இறுதியிற் பெய்த பெருமழையின் வெள்ளம் முற்றாக வடியுமுன்னரே நோய் தலைகாட்டிற்று. காய்ச்சல், உடல் நோ, மூச்சுத் திணறல். சில நாட்களுள் மரணம். ஏழு பேர் மாண்டனர் என்ற செய்தி வந்தபோது பத்திரிகைகள் அதனை 'மர்மக் காய்ச்சல்' என்று கொட்டை எழுத்திற் பொறித்தன. ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் வந்த பின்னரே மர்மம் தெளிந்தது. வந்தது எலிக்காய்ச்சல். வெள்ள நீரிலும் வயற் சேற்றிலும் கலக்கும் எலிமூத்திரத்தின் வழியே, காலிலுள்ள சிறு கீறலூடாக உடலுட் புகும் கிருமி அது. நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலமாக அறிந்த நோய். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தாற் பெரும்பாலார் பிழைத்துக்கொள்ளும் நோய்.

அந்த ஏழு உயிரும் எக்காரணத்தாற் போயின என்று தீர்ப்புக் கூற நாம் நீதிபதிகளல்லர். எலிக்காய்ச்சல் என்று ஐயம் எழுந்தவுடனேயே, சோதனை முடிவுக்குக் காத்திராது, வைத்தியர் மருந்தைத் தொடங்குவர் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் ஊரெங்கும் பரவுவது இந்நோயேயென்று துணிந்து சொல்வதற்கும், வயலில் இறங்குவோருக்குத் தடுப்பு மாத்திரை வழங்குவதற்கும், கிராமங்களை எச்சரிப்பதற்கும் ஆய்வுகூடத்தின் வாக்கே வேண்டும். அந்நோயை ஐயந்திரிபறக் காட்டும் குருதிச் சோதனைக்குத் தேசிய நிலையம் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையமே. நோய் பருத்தித்துறையில், அதன் பெயர் கொழும்பில். இந்த இடைவெளியைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகின்றோம்.

வைத்தியசாலையென்றால் நம்மவர் கண்ணுக்குத் தெரிவோர் இருவர்: ஒருவர் டாக்டர், மற்றவர் தாதி. மூன்றாமவர் ஒருவர் உளர். மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் என்பது அவருக்கு அரசாங்கம் இட்ட பெயர். 'லாப்காரர்' என்பது சனங்கள் இட்ட பெயர். அவர் முகத்தை நோயாளி காண்பதில்லை. அவர் எழுதும் துண்டைக் கண்டே டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்க்கின்றார். இன்னாருக்கு இன்ன வகை இரத்தம் பொருந்தும் என்று ஒத்துப்பார்த்து விடுபவர் அவரே. அவர் கை தவறினால் ஏற்றிய இரத்தமே எமனாகும். காசநோய்க் கிருமியைச் சளியிலே தேடுபவரும், டெங்குக் காய்ச்சலின்போது நாளுக்கு இருமுறை மும்முறை சிறுதட்டுக்களை எண்ணிச் சொல்பவரும் அவரே. 2017ஆம் ஆண்டிலே இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். அவ்வாண்டில் இரவும் பகலும் கண்விழித்த ஆய்வுகூடத்தாருக்கு எந்த ஊரிலாவது ஒரு மாலை விழுந்ததுண்டா? நாம் கேள்விப்படவில்லை.

இனி, நம் கிராமங்களில் வழக்கமாகிவிட்ட ஒரு காட்சியைச் சொல்வோம். மாலை நான்கு மணிக்குப் பின் கிராமத்து வைத்தியசாலையின் ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கின்றது. அல்லது அங்கே ஆய்வுகூடமே இல்லை. அல்லது கூடம் உண்டு, ஆள் இல்லை. நோயாளியிடமிருந்து எடுத்த இரத்தத்தைக் குழாயில் அடைத்து உறவினன் கையில் கொடுக்கின்றனர். அவன் அதனைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு பட்டணத்துத் தனியார் ஆய்வுகூடத்துக்குப் பஸ் ஏறுகின்றான். போக ஒரு மணி, காத்திருக்க ஒரு மணி.

குழாயினுள் அடைபட்ட குருதி செத்த பொருளன்று. அதிலுள்ள குழியங்கள் உடலைவிட்டு வெளியே வந்த பின்னும் சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கின்றன. சாதாரண குழாயில், நிழலான அறையிலேயே, மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குளுக்கோசு குறைந்துபோகும். நம் வெயிலிற் கேட்கவும் வேண்டுமா? சாம்பல் நிற மூடியிட்ட, புளோரைட்டுச் சேர்த்த குழாயில் எடுத்தால் இக்குறைவு தடைப்படும். ஆனால் எந்தச் சோதனைக்கு எந்த மூடி என்பதைப் பயின்றவரன்றோ அறிவார்? மெல்லிய ஊசியால் விசையாக இழுத்த இரத்தத்திற் செங்குழியங்கள் உடைந்து, உள்ளிருந்த பொற்றாசியம் வெளியே கசியும். இருதயத்துக்கு ஆபத்தில்லாதவனையும் ஆபத்திலிருப்பவனாக அறிக்கை காட்டும். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாதிருக்க இடப்பட்ட மருந்திலேயே பொற்றாசியம் உண்டு. அதிலிருந்து வேறொரு குழாய்க்குச் சிறிது ஊற்றிச் சரிக்கட்டினால் பொற்றாசியம் ஏறும், கல்சியம் இறங்கும். இவையெல்லாம் சிறிய செய்திகள் என்று எண்ணற்க. அறிக்கை பொய் சொல்கின்றதென்பதை அறியாத வைத்தியர் அப்பொய்யின் மீதே மருந்து எழுதுகின்றார்.

"இப்போது எல்லாவற்றையும் இயந்திரம் செய்கின்றதே, ஆள் எதற்கு?" என்று கேட்கும் மேதாவிகளும் உளர். இயந்திரம் எண்ணும், ஐயுறாது. சிலரது குருதியிலே, ஊதா மூடிக் குழாயிலுள்ள மருந்தின் காரணமாகவே, சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரளை இயந்திரம் ஒன்றாகவே எண்ணி, சிறுதட்டு ஆபத்தான அளவுக்கு வீழ்ந்ததென அச்சிட்டுத் தரும். டெங்குக் காலத்தில் அத்துண்டைக் கண்ட குடும்பம் ஒப்பாரி வைக்கும். பயின்ற கண்ணுடையவர் ஒரு துளியைக் கண்ணாடியிற் பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, திரளைக் கண்டு, "மீண்டும் வேறு குழாயில் எடுத்து அனுப்புக" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஒருவரை ஆண்டுக்கணக்காகப் பயிற்றுகின்றோம்.

இந்நாட்டில் இத்தொழிலின் வரலாறு இளையதன்று. 1900ஆம் ஆண்டிலே கொழும்பில் நிறுவப்பட்ட பற்றீரியாவியல் நிலையமே இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் மூலவேர். இத்தாலியரான அல்தோ கஸ்தெல்லானி என்ற அறிஞர் 1905இலே பறங்கி நோயின் கிருமியைக் கண்டறிந்தது இலங்கையிலேதான். ஒரு காலத்தில் கிராமங்களையே முடமாக்கிய அந்நோயின் வேர் நம் மண்ணில், நுணுக்குக்காட்டியொன்றின் கீழ்த்தான் முதன்முதல் வெளிப்பட்டது. மலேரியாவின் கதை அதனினும் பெரிது. 1934-35இலே பல்லாயிரவரை வாரிக்கொண்ட அந்நோய், 1963இலே 17 பேர் என்ற அளவுக்கு ஒடுங்கி, நாம் கண் அயர்ந்தமையால் அப்பத்தாண்டின் முடிவுக்குள் மீண்டும் பேருருக் கொண்டது. பின்னர், போர்க்காலத்திலுங்கூட, வடக்கிலும் கிழக்கிலும் காய்ச்சற்காரரின் விரல் நுனியிலிருந்து துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடியிற் பூசிப் பார்த்துக்கொண்டே இருந்தனர் பெயர் தெரியாத ஊழியர் பலர். 2012 ஐப்பசிக்குப் பின், நாடு சான்று பெறும்வரை, உள்ளூரில் தொற்றிய மலேரியா காணப்படவில்லை. 2016 புரட்டாதியில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென்று சான்று வழங்கிற்று. வெற்றியே ஒரு சிக்கலையும் கொணர்ந்தது. இன்று பயிலும் இளைஞன் அக்கிருமியை உயிருள்ள நோயாளியிடம் காண்பது அரிது. பிறநாட்டிலிருந்து அதைச் சுமந்து வருவோர் மட்டும் குறைந்தபாடில்லை. பழைய கண்ணாடித் துண்டுகளைப் பேணி வைத்து மாணவரைப் பழக்காவிடின், அடுத்த முறை அது வரும்போது அடையாளங்காண ஆளிருக்காது.

பயிற்சிக்கு இரு வழிகள் உள. உயர்தர விஞ்ஞானப் பிரிவிற் சித்தியெய்தியோரைச் சுகாதார அமைச்சு தெரிந்தெடுத்துத் தன் பயிற்சிக்கூடத்திலே டிப்ளோமாவுக்குப் பயிற்றுவது ஒன்று. அதன் தலைமைக்களம் கொழும்பு. பல்கலைக்கழகப் பட்டம் மற்றையது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, றுகுணு ஆகியவற்றோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தில் நான்காண்டுப் பட்டம் வழங்குகின்றது. குருதியியல், உயிரிரசாயனம், நுண்ணுயிரியல், இழையநோயியல், குருதியேற்றம் என்னும் ஐந்து துறைகளிலும் கைபழக வேண்டும். பயின்று முடித்தோர் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இலங்கை மருத்துவ சபையிலே பெயர் பதிந்த பின்னரே தொழில் செய்யலாம். எழுத்தளவிற் குறைசொல்ல இடமில்லை.

குறை எங்கே தொடங்குகின்றதென்றால், மொழியிலே தொடங்குகின்றது.

தமிழ்ப் பாடசாலையில் நம் பிள்ளை செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு, பிறபொருளெதிரி என்று தெளிவாகக் கற்று வருகின்றது. பயிற்சிக்கூடத்தின் முதல் நாளிலேயே எரித்திரோசைற்று, லியூக்கோசைற்று, த்றொம்போசைற்று என்று புதிய உலகம் விரிகின்றது. பொருள் தெரிந்த பிள்ளை சொல் தெரியாமையால் பொருளும் தெரியாதவன்போல் விழிக்கின்றது. முதலாண்டில் பின்தங்குவோரிற் பலர் அறிவிற் பின்தங்கியோரல்லர். சிங்களப் பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்கும் இதே இடர் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் விரிவுரையாளர் இடையிலே தாய்மொழியில் ஒரு விளக்கம் சொல்லும் பாக்கியம் கொழும்பிலே எப்பிள்ளைக்குக் கிட்டும் என்பதை வாசகர் அறிவர்.

ஆங்கிலத்தை விலக்குக என்று நாம் கூறவில்லை. இரசாயனப் பொருளின் குறிப்பும், இயந்திரத்தின் கைநூலும், உலகத்து ஆய்விதழ்களும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. நாம் கேட்பது பாலம். பயிற்சி தொடங்குமுன் மூன்று மாத ஆங்கில ஆயத்த வகுப்பும், மூன்று மொழிகளிலும் சொற்களைப் பக்கம் பக்கமாக வைத்த ஒரு கைநூலும் போதும். இது முடியாத காரியமன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன் 1847இலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மருத்துவக் கல்வி நடத்தி, 1860களிலே அக்கல்வியைத் தமிழிலேயே புகட்டினார். உடலமைப்பையும் இரணவைத்தியத்தையும் தமிழில் நூலாக்கினார். அவர் முயற்சியில் விளைந்த இரசாயன நூல் 'கெமிஸ்தம்' என்ற பெயருடன் 1875இலே வெளிவந்தது. மின்விளக்கில்லாத காலத்திலே ஓர் அந்நியர் செய்ததை, இத்தனை பேராசிரியரும் கணினியும் உடைய நாம் செய்யமுடியாதென்றால், நாணவேண்டியவர் யார்?

மொழி மாணவனோடு முடிவதில்லை, நோயாளியிடமும் வருகின்றது. காசநோய் ஐயுற்ற முதியவரிடம் ஒரு சிறு புட்டியைக் கொடுத்து, அவருக்கு விளங்காத மொழியிலே ஏதோ சொல்லி அனுப்புகின்றனர். அவர் மறுநாட் காலை எச்சிலைத் துப்பிக் கொண்டு வருகின்றார். வேண்டியதோ நெஞ்சின் ஆழத்திலிருந்து காறி எடுத்த சளி. எச்சிலிற் கிருமி இராது. "நோயில்லை" என்று அறிக்கை வரும். முதியவர் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார். மன்னாருக்கோ மட்டக்களப்புக்கோ நியமனம் பெற்று வரும் சிங்கள இளைஞர் மீது இதிற் குற்றமில்லை. அவர் தம் ஊரைவிட்டு வந்து நம் மக்களுக்கு ஊழியம் செய்கின்றார். அவரை நன்றியோடு வரவேற்கின்றோம். அவருக்குத் தமிழில் இருபது வாக்கியம் கற்றுக்கொடுக்காத திணைக்களத்தையே சாடுகின்றோம். அம்பாந்தோட்டைக்குப் போகும் தமிழ் இளைஞனுக்கும் சிங்களத்தில் அவ்விருபது வாக்கியம் வேண்டும். 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென்று எழுதிற்று. சளிப் புட்டியின் மீது ஒட்டிய துண்டுவரை அது இறங்கி வந்ததா என்பதே கேள்வி.

அரசாங்கத்தைச் சாடிவிட்டு நம்மை நாமே மெச்சிக்கொள்வதற்கில்லை. நம் சமூகத்துக்கு மூத்த பிள்ளை டாக்டர், இளைய பிள்ளை எஞ்சினியர். இவ்விரண்டும் தப்பினால் பிள்ளை தோற்றது என்று பொருள். ஒரு புள்ளியின் தசமத்தில் மருத்துவபீடத்தைத் தவறவிட்ட மகள், ஆய்வுகூட விஞ்ஞானத்துக்குத் தெரிவான செய்தியைக் கொண்டு வரும்போது, வீட்டிலே சாவீடுபோல் அமைதி நிலவுவதை நாம் கண்டிருக்கின்றோம். மறுபடி பரீட்சை எழுதென்று இரண்டாண்டைப் பாழாக்கும் தந்தையரும் உளர். கலியாணத் தரகரின் பட்டியலிலே இத்தொழிலுக்குப் பத்தி இல்லை. இத்தகைய வீட்டிலிருந்து வருபவர் தம் தொழிலை எவ்வாறு நேசிப்பர்? சாதியைப் போலவே தொழிலிலும் உயர்வு தாழ்வு கற்பித்த பழைய பாவம் இது.

மலையகத்தின் நிலை வேறு. அங்கே பிள்ளைக்கு மறுக்கும் தந்தையில்லை, வழியே இல்லை. தோட்டப்புறத்திலே உயர்தர விஞ்ஞானப் பிரிவை முழுமையாக நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சில. இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து ஆய்வுகூடத்துக்கு ஆள் வருமா? பயிற்சிக்கான விளம்பரத்தை வர்த்தமானியில் ஆயிரம் முறை பொறித்தாலும் லயத்துப் பிள்ளைக்கு அது எட்டாத கனியே. அதற்கான போராட்டம் பதின்மூன்று வயதிலே, எட்டாம் வகுப்பிலே தொடங்கவேண்டியது.

இனி, பயின்று முடித்தவர் கதை. பட்டம் பெற்ற இளைஞர் நியமனத்துக்காக மாதக்கணக்காக, சில வேளை ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கின்றனர். வைத்தியசாலையிலே ஆளில்லை என்ற கூக்குரலும், பட்டதாரிக்கு வேலையில்லை என்ற கூக்குரலும் ஒரே தெருவில் ஒருங்கே எழுகின்றன. டிப்ளோமாக்காரருக்கும் பட்டதாரிக்கும் இடையே யார் மூத்தவர், யாருக்கு எந்தப் படிநிலை என்ற பிணக்கு வேறு. கைப்பழக்கமுள்ள டிப்ளோமாக்காரரின் அனுபவத்தையும் பட்டதாரியின் விரிந்த கல்வியையும் ஒரே ஏணியில் அமைத்து, முன்னவர் இடையிலே படித்துப் பட்டம் பெறவும் வழிவிட்டால் தீரக்கூடிய பிணக்கு இது. தீர்க்காமல் விடுவதிலே அமைச்சுக்கு என்ன இன்பமோ, யாமறியோம்.

காத்திருப்பவர் எத்தனை காலம் காத்திருப்பார்? 2022ஆம் ஆண்டு நாடு கடனைக் கட்டமுடியாது கைவிரித்தபோது, வைத்தியசாலைகளில் இரசாயனப் பொருளே இல்லாது சோதனைகள் நின்றன. அக்காலந்தொட்டு ஐக்கிய இராச்சியமும் அவுஸ்திரேலியாவும் வளைகுடா நாடுகளும் நம் இளைஞரை ஈர்த்துக்கொள்கின்றன. இங்கிலாந்திலே உயிர்மருத்துவ விஞ்ஞானி என்ற பெயரோடு அவரைப் பதிந்துகொள்கின்றனர். போகிறவரை நாம் பழிக்கவில்லை. பொதுமக்கள் பணத்திற் கற்றவர் இங்கே இருக்கக் கடமையில்லையா என்று மேடையிற் கேட்பது எளிது. கற்றவருக்குக் கடிதம் ஒன்று அனுப்பாது ஆண்டைக் கழித்தவனுக்கு அவ்வாறு கேட்கும் உரிமை உண்டா?

இந்த வெற்றிடத்திலேதான் தெருவுக்குத் தெரு தனியார் கூடங்கள் முளைக்கின்றன. அவற்றுள் நேர்மையானவையும் உலகத் தரச்சான்று பெற்றவையும் உண்டு. ஆனால் வெள்ளை மேலங்கி அணிந்தோரெல்லாம் பதிவு பெற்றவர் என்று நம்பிவிடற்க. மூன்று மாதம் பக்கத்தில் நின்று பார்த்தவரும் ஊசி பிடிக்கின்றார். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டால் அது சுவர்க்கடிகாரம்போலத் தானே ஓடும் என்று எண்ணியிருக்கின்றனர் போலும். ஆய்வுகூடத்தின் வாயிலிலே அங்குப் பணிபுரிவோரின் பெயரும் பதிவிலக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படவேண்டும். காசு கொடுப்பவன் வாசித்துவிட்டு உள்ளே போகட்டும்.

நம் மண்ணில் இது முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று. 2020 பங்குனியிலே கொரோனா நோய் நாட்டுள் பரவத் தொடங்கியபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் ஆய்வுகூடம் சித்திரையிலேயே பீ.சீ.ஆர். சோதனையைத் தொடங்கிற்று. மூடப்பட்ட வீதிகளினூடே மாதிரிகளைத் தெற்கே அனுப்பிவிட்டுக் காத்துக்கிடக்கும் துன்பம் அத்துடன் குறைந்தது. இயந்திரம் இருந்தது, அதனை இயக்கக் கற்றவர் இருந்தனர், கொழும்பு இசைந்தது. இம்மூன்றும் கூடினால் சில வாரங்களிற் செய்யக்கூடியதைக் கொள்ளைநோய் வந்தால்தான் செய்வோம் என்றிருப்பது என்ன நியாயம்? எலிக்காய்ச்சற் சோதனையையும் அவ்வாறே வடக்கில் ஓரிடத்தும் கிழக்கில் ஓரிடத்தும் நிலைநாட்டலாம்.

சிறிய தீவுக்கு ஒரு பயிற்சிக்களம் போதும், சிக்கனம் அதுவே என்று கணக்குக் காட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. பாடத்தைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கற்பிக்கட்டும். ஆனால் செய்முறைப் பயிற்சியின் ஆறு மாதத்தையாவது மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, கல்முனை போன்ற இடங்களிலே கழிக்கவேண்டும் என்று விதிக்கட்டும். பெரியாஸ்பத்திரியிலே பத்துப் பேர் சூழ நின்று வேலை செய்து பழகியவர், இரவு பன்னிரண்டு மணிக்குத் தனியே நின்று, ஒழுகும் தாய்க்கு இரத்தம் ஒத்துப்பார்க்கும் நெருக்கடியை அறியார். அந்நெருக்கடியை மேற்பார்வையோடு பழகிக்கொள்ளும் இடம் ஆதார வைத்தியசாலையே. அங்கே சென்று தங்கும் பயிலுநருக்கு உறைவிடமும் இராப்படியும் வேண்டும். பெண்பிள்ளைகளே மிகுதியாகப் பயிலும் துறை இது என்பதை மறவாதிருக்க.

நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் பலவற்றைப் பேசுகின்றனர், பேசவேண்டியவை பலவே. ஒரு நாள் மாத்திரம் சுகாதார அமைச்சரை நோக்கி இவற்றைக் கேட்கட்டும். வடக்கு, கிழக்கு, மலையக வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளருக்கு அங்கீகரிக்கப்பட்ட பதவி எத்தனை, அவற்றுள் இன்று ஆளிருக்கும் பதவி எத்தனை? இரவிலும் திறந்திருக்கும் கூடங்கள் எவை? பட்டம் பெற்று நியமனமின்றி வீட்டிலிருப்போர் எத்தனை பேர்? பெயர் பெயராக, வைத்தியசாலை வைத்தியசாலையாக, அடுத்த கார்த்திகை மழை தொடங்குமுன் விடை ஹன்சாட்டில் ஏறவேண்டும்.